காலையில் மட்டும் சாயும் கார்

முத்துராணிக்கு ஒரு கெட்ட குணம் உண்டு. ஷெட்டுக்கு வந்த வண்டி சரியாகிப் போனால் மட்டும் அவளுக்கு மனசு ஆறாது. ஏன் கெட்டது, எப்படிச் சரியானது என்று இரண்டுக்கும் பதில் தெரிய வேண்டும். தெரியாவிட்டால் தட்டில் போட்ட சோறு தட்டிலேயே காயும். அவள் கணவன் செந்தூர்பாண்டிக்கும் அன்றைக்குச் சோறு இறங்காது. சாப்பாட்டு நேரம் முழுக்க அந்த வண்டியைப் பற்றியே கேட்டுக்கொண்டிருந்தால் மனுஷனுக்கு எப்படி இறங்கும்?

பாளையங்கோட்டையிலிருந்து திருச்செந்தூர் போகிற சாலையில், சமாதானபுரத்தைத் தாண்டி அவர்களுடைய ஷெட். நசுங்கி வருகிற வண்டிகளைத் தட்டி நிமிர்த்துவது கணவன் பாடு. வயர், பேட்டரி, சென்சார் என்று உள்ளே ஒளிந்து கிடக்கிற சமாச்சாரமெல்லாம் மனைவி பாடு. இரண்டு பேருக்கும் கை நிறைய வேலை. அதனால் வக்கீல் கோமதிசங்கர் தன் பழைய வெளிநாட்டுக் காரைக் கொண்டுவந்து நிறுத்தியபோது, செந்தூர்பாண்டி அதைச் சுற்றிப் பார்த்துவிட்டு, "இது நமக்கு வேண்டாம்ட்டி, சவம் இழுத்து விட்டுரும்" என்று காதோடு சொன்னான். அதைக் கேட்டதுமே முத்துராணிக்கு ஆசை வந்துவிட்டது.

அந்தக் காரில் ஸ்பிரிங் இருக்க வேண்டிய இடத்தில் காற்றுப் பைகள். ஒவ்வொரு சக்கரத்துக்கும் பக்கத்தில் உள்ளங்கையில் அடங்குகிற ஒரு சென்சார் உண்டு. சென்சாரிலிருந்து ஒரு சின்னக் கை நீண்டிருக்கும். அந்தக் கையைச் சக்கரத்தின் பக்கத்தோடு இணைத்து விரல் நீளத்தில் ஒரு கம்பி. வண்டி உயர்ந்தாலும் தாழ்ந்தாலும் கம்பி அந்தக் கையை அசைக்கும். கை அசைவதை வைத்து வண்டி தரையிலிருந்து எவ்வளவு உயரத்தில் நிற்கிறது என்று உள்ளே இருக்கிற கம்ப்யூட்டர் தெரிந்துகொள்ளும். உயரம் கூடிவிட்டதென்றால் பையிலிருந்து காற்றை விடும், குறைந்துவிட்டதென்றால் ஏற்றும். புதிதில் சொகுசுதான். பழசானால் வீட்டுக்கு வந்த மாப்பிள்ளை மாதிரி, எப்போது எதற்குக் கோபித்துக்கொள்ளும் என்று சொல்ல முடியாது.

"பின்னால வலது பக்கம் நெனச்சா ஏறுது, நெனச்சா எறங்குது" என்றார் வக்கீல். "எப்படியாவது பாத்துத் தாம்மா. எனக்காவக் கேக்கல, எங்க வீட்டம்மாவுக்காவ."

அவர் மனைவி சங்கரி ஸ்ரீவைகுண்டத்தில் ஒரு பெண்கள் பள்ளியில் இயற்பியல் டீச்சர். ஸ்கூட்டரில் போகும்போது மணலில் சறுக்கி விழுந்து, முதுகுத்தண்டில் ஆபரேஷன் ஆகி, நீண்ட விடுப்பில் வீட்டில் இருந்தார். எழுந்து நடமாடுகிறார், நின்று பாடம் நடத்தலாம் என்று டாக்டரும் சொல்லிவிட்டார். ஆனால் பஸ்ஸின் குலுக்கலோ சாதாரணக் காரின் குலுக்கலோ அந்த முதுகுக்கு ஆகவில்லை. இந்தக் காற்றுப் பைக் காரில் உட்கார்ந்தால் மட்டும் வலி எட்டிப் பார்க்கவில்லை. அதற்காகவே அந்தக் காரை யாரோ ஒரு டாக்டரிடமிருந்து கெஞ்சி வாங்கியிருந்தார் வக்கீல்.

"விடுப்பு முடியப் போவுது. வார திங்கள் இல்ல, அடுத்த திங்கள் அவ போய்ச் சேரணும். போவ முடியலன்னா வேலைய எழுதிக் குடுத்துட்டு வீட்ல இருந்துக்கிடுதேன்னு சொல்லுதா. வீட்ல இருந்தா அவ செத்துருவாம்மா. பாடம் நடத்தாம அவளால இருக்க முடியாது." வக்கீல் இதை ரொம்ப நிதானமாகத்தான் சொன்னார். ஆனால் கையில் இருந்த சாவியை ஒரு விரலிலிருந்து இன்னொரு விரலுக்கு மாற்றிக்கொண்டே இருந்தார்.

வலது சென்சாரின் பிளக்கில் மல்டிமீட்டரைக் குத்திவிட்டு, கம்பியைக் கழற்றி, அந்தச் சின்னக் கையை முத்துராணி விரலால் பைய மேலே தூக்கினாள். மீட்டரில் வோல்ட் ஒரே சீராக ஏற வேண்டும். பாதி வரைக்கும் ஏறியது, அங்கே பொட்டென்று பூஜ்யத்துக்கு விழுந்தது, மறுபடி எங்கிருந்தோ குதித்து வந்தது. இறக்கினாலும் அதே இடத்தில் அதே விழுகை. கழற்றி உடைத்துப் பார்த்தாள். உள்ளே தண்ணீர் புகுந்து பச்சை பிடித்துப் போயிருந்தது. ஏன் என்பதற்குப் பதில் கிடைத்துவிட்டதால் அன்றைக்கு நன்றாகச் சாப்பிட்டாள்.

கோயம்புத்தூரில் பழைய கார்களைப் பிரித்து விற்கிற கடையில் சென்சார் ஜோடியாகத்தான் கொடுப்போம் என்றார்கள். வந்த இரண்டையும் சோதித்து, ஒன்றை வலது பக்கம் மாட்டினாள். இன்னொன்றை டப்பாவோடு அலமாரியில் வைத்தாள். நாலு சக்கரத்துக்கும் உயரம் அளந்து, லேப்டாப் வழியாக இதுதான் உன் சரியான உயரம் என்று வண்டிக்குச் சொல்லிக் கொடுத்தாள். வண்டி நாலு காலிலும் சமமாக நின்றது.

வண்டியை ஒப்படைக்கும்போது சக்கரத்தடியில் எலுமிச்சம்பழம் வைப்பது அந்த ஷெட்டின் வழக்கம். செந்தூர்பாண்டி பழத்தோடு வந்ததும் வக்கீல் சிரித்துவிட்டார். பட்டிமன்ற மேடையில் திருஷ்டியையும் பரிகாரத்தையும் கிழி கிழியென்று கிழிக்கிறவர் அவர்.

"வே, செந்தூர்பாண்டி, அதைப் பிழிஞ்சு உப்புப் போட்டுக் குடியும். தாகமாவது தீரும்."

அவன் முகம் சுண்டிப்போய்ப் பழத்தைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டான்.

அந்த ஞாயிற்றுக்கிழமை காலையில் ஒத்திகை பார்ப்பதுபோல மனைவியை ஏற்றிக்கொண்டு ஸ்ரீவைகுண்டம் கிளம்பினார் வக்கீல். செய்துங்கநல்லூர் வேகத்தடையில் வண்டியின் இடது பின்பக்கம் தொம்மென்று தரை தட்டியது. சங்கரி டீச்சர் கதவுக்கு மேலே இருக்கிற கைப்பிடியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு கத்திவிட்டார். அங்கேயே திருப்பி வீட்டுக்கு வந்துவிட்டார்கள். வழியெல்லாம் டீச்சர் அந்தக் கைப்பிடியை விடவில்லையாம்.

மறுநாள் கோர்ட் முடிந்து, நல்ல வெயிலில் வண்டி ஷெட்டுக்கு வந்தது. பார்த்தால் நாலு காலிலும் சமமாக நிற்கிறது.

"காலைல இடது பக்கம் படுத்துக் கிடந்துச்சும்மா. இங்க பாரு." வக்கீல் செல்போனில் படம் காட்டினார். உண்மைதான். வலது பக்கம் டயருக்கு மேலே நாலு விரல் இடைவெளி, இடது பக்கம் இரண்டு விரல்கூட இல்லை.

முத்துராணி இடது சென்சாரைச் சோதித்தாள். கையைத் தூக்கினால் வோல்ட் ஏறியது, இறக்கினால் இறங்கியது. எங்கேயும் விழவில்லை, குதிக்கவில்லை. பிளக்கில் பச்சை இல்லை. வயரைப் பிடித்து ஆட்டினாள். அந்த வண்டியில் எல்லா வயருக்கும் கறுப்புத் துணிநாடா சுற்றியிருக்கும். கம்பியை ஒட்டி ஓடிய ஒரு சுற்றையும் விரலால் நீவிப் பார்த்துவிட்டு, எங்கேயும் அறுபடவில்லை என்று விட்டுவிட்டாள். அங்கேதான் அவள் கோட்டை விட்டது. அது அவளுக்கு அப்போது தெரியாது.

உயரத்தை மறுபடி அளந்து சொல்லிக் கொடுத்து, செவ்வாய்க்கிழமை சாயங்காலம் அனுப்பினாள். புதன்கிழமை காலையில் வண்டி மறுபடி இடது பக்கம் படுத்துக்கொண்டது. சாயங்காலம் ஷெட்டுக்கு வரும்போது ஒன்றும் தெரியாத பிள்ளை மாதிரி நேராக நின்றது. வக்கீல் வாய்விட்டுக் குறை சொல்லவில்லை. ஆனால் முத்துராணி கை வைப்பதற்கு முன்னால் இடது பக்கத்துக்கு ஒரு குறையும் இருந்ததில்லை என்பது அங்கே நின்ற மூன்று பேருக்குமே தெரியும்.

"அலமாரில இருக்கத எடுத்து மாட்டி விடு" என்றான் செந்தூர்பாண்டி, ராத்திரி சாப்பிடும்போது. "இன்னும் எத்தனை நாளு இத வச்சுக் கும்மியடிக்கப் போற?"

"நல்லாருக்கத ஏங்க களத்தணும்? மாட்டுன பொறவும் காலைல படுத்துக்கிட்டா எங்கன போய் மூஞ்சிய வச்சுக்கிட?"

"ராத்திரி காத்து ஒழுகுதோ என்னமோ."

"ஒழுகுனா வண்டிய எடுத்ததும் கம்ப்யூட்டரு ஏத்திரும்லா? இது எறங்கி நிக்கதுதான் சரின்னு நெனச்சுக்கிட்டு நிக்கி. யாரோ அதுகிட்ட, நீ ரொம்ப உசரமா நிக்கன்னு பொய் சொல்லுதாங்க. மத்தியானம் ஆனா சொல்லுததில்ல. அது ஏன்?"

"எங்கிட்டக் கேட்டா?" என்று அவன் தட்டை நகர்த்திவிட்டுக் கை கழுவப் போனான்.

வெள்ளிக்கிழமை முழுக்க அவளுக்கு மண்டை காய்ந்தது. திங்கட்கிழமை டீச்சர் போய்ச் சேர வேண்டும். காலையில் கெடுகிற வண்டியைக் காலையில்தான் பார்க்க வேண்டும், இது ஏன் முதலிலேயே உறைக்கவில்லை என்று தன்னையே திட்டிக்கொண்டாள். சனிக்கிழமை விடிந்ததும் ஸ்கூட்டரில் மீட்டரையும் அலமாரி டப்பாவையும் எடுத்துப் போட்டுக்கொண்டு மகாராஜநகரில் இருக்கிற வக்கீல் வீட்டுக்குப் போய் நின்றாள்.

வண்டி வாசலில் நேராக நின்றது. இடுப்புப் பட்டையைக் கட்டிக்கொண்டு சங்கரி டீச்சர் பைய வெளியே வந்து நாற்காலியில் உட்கார்ந்தார். மெலிந்த முகம். கண் மட்டும் மல்டிமீட்டரையே பார்த்தது.

"வக்கீல் சார், நீங்க தினமும் காலைல என்னென்ன செய்வீங்களோ அத அப்படியே செய்யுங்க" என்றாள் முத்துராணி. "நான் ஒருத்தி இங்கன இருக்கதையே மறந்துருங்க."

"நான் என்ன செய்யப் போறேன்? வண்டியக் கழுவுவேன், குளிப்பேன், கெளம்புவேன்."

"அப்பக் கழுவுங்க."

இடது சென்சாரின் வயரில் மீட்டரை இணைத்து, நீளமான வயரோடு டீச்சர் பக்கத்து ஸ்டூலில் வைத்தாள். "டீச்சர், இத நீங்க வாசிங்க. மாறுனாச் சத்தமாச் சொல்லணும்." வண்டியை ஸ்டார்ட் செய்து ஓடவிட்டாள்.

"ரெண்டு புள்ளி நாலு" என்றார் டீச்சர். குரலில் ஒரு மிடுக்கு வந்தது. எத்தனையோ மாதத்துக்குப் பிறகு லேபுக்குள் கால் வைத்தவர் போல நிமிர்ந்து உட்கார்ந்தார்.

வக்கீல் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு குழாயைத் திறந்தார். மேலே, பக்கவாட்டில், டயரில், டயருக்கு உள்ளே என்று பிள்ளையைக் குளிப்பாட்டுவதுபோல ஒரு மூலை விடாமல் கழுவினார். ரெண்டு புள்ளி நாலு. ரெண்டு புள்ளி நாலு. வலது பக்கம் முடித்து, முன்னால் முடித்து, இடது பின்சக்கரத்துக்கு வந்து உள்ளே நன்றாகத் தண்ணீரை அடித்தார். கொஞ்ச நேரம் போனது.

"ரெண்டு புள்ளி அஞ்சு" என்றார் டீச்சர். "ரெண்டு புள்ளி ஆறு. ஏம்மா, ஏறுதே! இன்னும் ஏறுது!"

புஸ்ஸென்று ஒரு சத்தம். வண்டியின் இடது பின்பக்கம் ஒட்டகம் மாதிரி மெல்ல இறங்கியது. முத்துராணிக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது. இதற்காகத்தானே காத்திருந்தாள்! தண்ணீர்தான் காரணம்.

காற்றை நம்பி வண்டிக்கு அடியில் தலையை விடக்கூடாது. எஞ்சினை நிறுத்தி, சாவியை மட்டும் போட்டு வைத்து, ஜாக்கி கொடுத்துப் பழைய உயரத்துக்குத் தூக்கி, இரும்பு முட்டுகளைச் செருகிவிட்டுத்தான் உள்ளே நுழைந்தாள். பிளக்குக்குள் ஈரம் புகுந்திருக்கும் என்று கழற்றித் துடைத்து ஊதி மாட்டினாள். மீட்டர் ரெண்டு புள்ளி நாலுக்கு இறங்கவில்லை. பொய் சொல்வது பிளக் இல்லை.

டார்ச்சை அடித்து அந்த விரல் நீளக் கம்பியைப் பார்த்தாள். செங்குத்தாக நிற்க வேண்டியது லேசாகச் சாய்ந்து நின்றது. அதன் நுனிகளில் இருக்கிற ரப்பர் ஒரு பக்கமாகப் பிதுங்கியிருந்தது. எதுவோ அதைப் பிடித்து இழுக்கிறது. விரலை விட்டுத் துழாவினாள். அன்றைக்கு வயர் என்று நீவிவிட்ட அந்தக் கறுப்புச் சுற்று, மழையில் நனைந்த கொடிக்கயிறு போல விறைத்து நின்றது. இன்னும் கொஞ்சம் உள்ளே விரலை நகர்த்தினால் ஒரு முடிச்சு.

"வயருக்கு எதுக்குய்யா முடிச்சு?" என்று வண்டிக்கு அடியில் கிடந்தபடியே கத்தினாள்.

குழாயில் தண்ணீர் ஓடும் சத்தம் மட்டும் கேட்டது.

நனைந்த முடிச்சு அவிழ மறுத்தது. பிளேடால் அறுத்து இழுத்தாள். கம்பியில் ஒரு சுற்று, பக்கத்துச் சட்டத்தில் ஒரு சுற்று என்று இறுகிக் கிடந்த தடித்த பருத்திக் கயிறு கையோடு வந்தது. நடுவில் ஒரு சோழி. ஒரு துண்டு படிகாரம். முன்னொரு காலத்தில் மிளகாயாக இருந்த ஒன்று.

"ரெண்டு புள்ளி நாலு!" டீச்சர் நாற்காலியிலிருந்து எழுந்தேவிட்டார். "வந்துட்டு, திரும்ப வந்துட்டு! என்னம்மா அது?"

முத்துராணி வெளியே வந்து கயிற்றைத் தூக்கிக் காட்டினாள். திருஷ்டிக் கயிறு. ஊரில் பாதி வண்டிகளின் மூக்கில் தொங்குவதுதான். ஒளித்துக் கட்டியதை அவள் இப்போதுதான் பார்க்கிறாள்.

டீச்சர் அதை வாங்கி இரண்டு விரலால் பிழிந்து பார்த்தார். "நூல் நனைஞ்சாத் தடிக்கும். முறுக்குன கயிறு தடிச்சா நீளம் கொறையும். காயக் காயத் தளந்துரும்." சொல்லும்போதே முகமெல்லாம் சிரிப்பு. "அதாம்மா மத்தியானம் ஒழுங்கா நிக்கி. நீ பாக்கும்போதெல்லாம் அது காஞ்சு கிடந்திருக்கு."

"ஆனா யாரு கட்டுனது? எங்கிட்டேந்து போறப்ப இது இல்ல டீச்சர்."

"வேற யாரு? இசக்கித்தாயாத்தான் இருக்கும்." இசக்கித்தாய் அந்த வீட்டில் பாத்திரம் தேய்க்க வருகிறவள். எதற்கெடுத்தாலும் மிளகாயைச் சுற்றி அடுப்பில் போடுகிறவள். "என்மேல உள்ள பிரியத்துல கட்டியிருப்பா. வரட்டும், கேக்குதேன். நம்ம வீட்டு வக்கீலுக்குத் தெரிஞ்சா அவள வையவும் செய்வாரு."

அப்போதுதான் இரண்டு பேரும் வக்கீலைத் திரும்பிப் பார்த்தார்கள். குழாயை மூட மறந்து, தண்ணீர் காலில் வழிய, திருட்டு முழி முழித்துக்கொண்டு நின்றார்.

"அவள ஒண்ணும் கேக்காத சங்கரி" என்றார். "நான்தான்."

"எது நீங்கதான்?"

"கட்டுனது. ஷெட்லேந்து வண்டி வந்த அன்னைக்குச் சாயங்காலமே." குழாயைக் கீழே போட்டார். "முன்னால கட்டுனா கோர்ட்ல சிரிப்பானுவ. அதான் யாரும் பாக்காத எடமாப் பாத்து... அந்தக் கம்பி சும்மாதான நிக்கின்னு நெனச்சேன்."

முத்துராணிக்குச் சிரிப்பு தொண்டை வரை வந்துவிட்டது. எலுமிச்சம்பழத்தைப் பிழிந்து குடிக்கச் சொன்னவர், வேட்டியோடு தரையில் மல்லாந்து படுத்துச் சோழி கட்டியிருக்கிறார்! செந்தூர்பாண்டி மட்டும் இங்கே இருந்தால் விழுந்து விழுந்து சிரித்திருப்பான். ஆனால் வக்கீலின் முகத்தைப் பார்த்ததும் அவளுக்குச் சிரிக்க மனசு வரவில்லை.

டீச்சர் சிரிக்கவில்லை. மறுபடி உட்கார்ந்து கயிற்றை மடியில் வைத்துக்கொண்டார்.

"ஸ்கூட்டர்ல எங்கக்கா கட்டி விட்டாளே, அந்தக் கயித்த நீங்க அவுத்து எறிஞ்சீங்கள்லா. அத நெனச்சா?"

வக்கீல் ஆமென்று தலையை ஆட்டினார்.

"நான் விழுந்தது மணல் சறுக்கி. மணலுக்கும் கயித்துக்கும் என்ன சம்பந்தம்?"

"ஒரு சம்பந்தமும் இல்ல. எனக்குத் தெரியாதா?" அவர் குழாயை மூடினார். "தெரிஞ்சு என்ன செய்ய? ஆஸ்பத்திரி வராண்டால உக்காந்திருக்கும்போது அதுதான ஞாபகத்துக்கு வருது."

"இத்தனை நாளும் இத மனசுல வச்சுக்கிட்டா மேடைல போய்ப் பேசிக்கிட்டு இருந்தீங்க?"

வக்கீல் மூக்கை உறிஞ்சினார். முத்துராணி ஜாக்கியை இறக்குகிற சாக்கில் வண்டிக்கு மறுபக்கம் போனாள். அங்கிருந்தும் பேச்சு கேட்டது.

"புதுசா ஒண்ணு வாங்கிட்டு வாங்க" என்றார் டீச்சர். "முன்னால கட்டுங்க. ஊரே பாக்குத மாரி."

"கோர்ட்ல சிரிப்பானுவளே சங்கரி."

"சிரிச்சுட்டுப் போட்டும். இனிமே எதையும் ஒளிச்சு வச்சுப் பயப்படாண்டாம்."

முத்துராணி வண்டியை மறுபடி ஸ்டார்ட் செய்தாள். கம்ப்ரசர் முனகியது. இடது பக்கம் எழுந்து வலது பக்கத்தோடு சமமாக நின்றது. அவளே குழாயை எடுத்து அந்தச் சக்கரத்துக்குள் நிறையத் தண்ணீர் அடித்துவிட்டு, டீச்சர் வாசிக்க வாசிக்கக் கேட்டாள். ரெண்டு புள்ளி நாலு, ரெண்டு புள்ளி நாலு, ரெண்டு புள்ளி நாலு. பேச்சே மாறவில்லை. கொண்டுவந்த டப்பாவைப் பிரிக்காமலே திரும்ப ஸ்கூட்டரில் வைத்தாள்.

கிளம்பும்போது டீச்சர், "சரியாயிட்டுன்னு மீட்டரு சொல்லுது. என் முதுகு என்ன சொல்லுதுன்னு திங்கக்கிழமைதான் தெரியும்" என்றார். அந்த ஒரு பேச்சு ஞாயிற்றுக்கிழமை முழுக்க முத்துராணியை அரித்தது. வோல்ட் சரி, உயரம் சரி, ஆனால் முதுகில் மீட்டர் குத்திப் பார்க்க முடியாதே.

திங்கட்கிழமை வழக்கத்தைவிடச் சீக்கிரமாக ஷெட்டைத் திறந்துவிட்டு, ஒரு வேலையும் செய்யாமல் சாலையைப் பார்த்துக்கொண்டு நின்றாள். செந்தூர்பாண்டியும் சுத்தியலைக் கீழே வைத்துவிட்டு வந்து பக்கத்தில் நின்றான்.

கார் வந்தது. முன்பக்கம் நட்டநடுவே, எலுமிச்சம்பழமும் பச்சை மிளகாயுமாகக் கறுப்புக் கயிறு ஆடிக்கொண்டு வந்தது. ஓட்டி வந்த வக்கீல், சப்பரத்தில் உட்கார்ந்த சாமி மாதிரி, யாரையும் பார்க்காமல் நேராகவே பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஏட்டி, அங்க பாரு, அண்ணாச்சி பழத்தப் பிழிஞ்சு குடிக்கலையே!" என்றான் செந்தூர்பாண்டி. முத்துராணி அவனை இடித்தாள். ஷெட்டுக்கு முன்னால் ஒரு வேகத்தடை இருக்கிறது. வேகம் குறைந்தது. முன்சக்கரங்கள் ஏறி இறங்கின. பின்சக்கரங்கள் ஏறியபோது அவள் குனிந்து இடது பக்கத்தைப் பார்த்தாள். அமுங்கி எழுந்து சமமாக நின்றது. அப்புறம் நிமிர்ந்து ஜன்னலைப் பார்த்தாள்.

கதவுக்கு மேலே இருந்த கைப்பிடியை யாரும் பிடித்திருக்கவில்லை. சங்கரி டீச்சர் இரண்டு கையையும் தலைக்குப் பின்னால் கொண்டுபோய், கொண்டை ஊசியைப் பல்லில் கடித்தபடி, பூ வைத்துக்கொண்டிருந்தார். வேகத்தடையைத் தாண்டியதை அவர் கவனித்ததாகவே தெரியவில்லை.